குடுவையில் விதைத்த வினை

வினை விதைத்தவன் வினை அறுப்பான், தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்பது தமிழர் நாவில் வழங்கித் தேய்ந்த பழமொழி. அறத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இதனை எடுத்தாளாத ஆசிரியர் அரியர். ஆயினும் இப்பழமொழி ஓர் எண்ணத்தை வெளியே சொல்லாமல் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. விதைத்தவனும் அறுப்பவனும் ஒருவனே என்பதுதான் அவ்வெண்ணம். தன் நிலத்தில் தானே விதைத்துத் தானே அறுத்த உழவனின் வாழ்விலிருந்து பிறந்த மொழியாதலின் அது அவ்வாறு கொண்டதில் வியப்பில்லை. விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையே நின்றவை நான்கைந்து திங்கள் மட்டுமே. சொத்தை விதையை இட்டவன் தன் வெற்று நிலத்தைத் தன் கண்ணாலேயே கண்டான். அவன் பிள்ளைகள் பசித்தார்கள். அந்தப் பசியே அவனுக்கு ஆசிரியனாயிற்று.

விதைப்பவர் ஒருவராகவும் அறுப்பவர் வேறொருவராகவும் இருந்து, இருவருக்கும் இடையே பல ஆண்டுகள் கிடக்குமானால் என் செய்வது? தன் பிழையின் பயனைத் தான் காணப்போவதே இல்லை என்று அறிந்த ஒருவருக்கு அறத்தை எவ்வாறு கற்பிப்பது? இவ்வினா ஏட்டுச்சுவடியில் எழுந்த வினா அன்று. நெகிரி செம்பிலானின் மந்தின் வட்டாரத்தில் நின்று பார்ப்பவர்க்கு இது கண்ணெதிரே நிற்கும் வினா.

சிரம்பானிலிருந்து மந்தின் மலைச்சரிவின் வளைவுகளைக் கடந்து காஜாங் நோக்கிச் செல்லும் பழைய சாலையின் இருமருங்கும் ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்றன. பின்னர்ப் பால்மரம் நின்ற மேடுகளில் செம்பனை ஏறிற்று. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் வீடமைப்புகள் எழுந்தன. அந்தத் தோட்டங்களிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்திற்குள் பாங்கி இருக்கிறது. 1979இல் தோன்றிய செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகமும், 2000ஆம் ஆண்டில் அதன் வழித்தோன்றலாக அமைந்த மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் தம் ஆய்வுக்கூடங்களை அங்கே நிறுவின. மறுபுறம் பண்டார் என்ஸ்டெக்கில் ஃபெல்டா குழுமத்தின் உயிர்த்தொழில்நுட்ப நிலையம் எழுந்தது. செமினியிலும் செர்டாங்கிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஆகவே, செம்பனைக் குலை வெட்டுபவரும், அச்செம்பனையைக் கண்ணாடிக் குடுவைக்குள் பிறப்பிக்கும் இளம் ஆய்வாளரும் ஒரே மழையில் நனைபவர்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் என்பதே வேறுபாடு.

மரத்தைப் படியெடுக்கும் கலை தோட்டங்களுக்குப் புதியதன்று. பால்மரக் காலத்தில் அதற்கு ஒட்டுக்கட்டுதல் என்று பெயர். நல்ல பால் சுரக்கும் மரத்தின் மொட்டைப் பட்டையோடு பெயர்த்துத் தவரணையில் நின்ற நாற்றின் பட்டைக்குள் பொருத்திக் கட்டுவார்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டு அவிழ்த்தால் மொட்டு பச்சையாக இருக்கிறதா, கருகிவிட்டதா என்பது தெரிந்துவிடும். கட்டிய கை அங்கேயே இருக்கும். கருகிய மொட்டும் அதன் எதிரிலேயே இருக்கும். உலகெங்கும் பரவிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் பால்மர வகை 1925இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் படைப்பு. அதன் பெற்றோருள் ஒன்றான பி.பி. 86 பிராங் பெசார் தோட்டத்தில் பிறந்தது. அத்தோட்டம் இருந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அமைச்சகங்களின் அடியில் ஒரு தவரணை புதைந்திருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ஆராய்ச்சிக் கழகத்தின் பெயர் நிலைத்தது. அந்த வகையை இலட்சக்கணக்கான நாற்றுகளில் ஏற்றிய ஒட்டுக்காரர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

செம்பனை இந்தக் கலைக்கு இணங்கும் மரம் அன்று. வாழை பக்கக்கன்று ஈனும்; பால்மரம் ஒட்டினை ஏற்கும். செம்பனையோ தென்னையைப் போல ஒற்றைக் குருத்துடையது. குருத்துப் போனால் மரமே போயிற்று. ஆகவே விதை ஒன்றே அதன் வழி. 1848இல் சாவகத்தின் போகோர் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகளின் வழிவந்தவையே தென்கிழக்காசியச் செம்பனைகளுட் பெரும்பாலன. 1917இல் சிலாங்கூரில், பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. ஆனால் ஒரே குலையின் விதைகளிலிருந்து எழும் மரங்களும் உடன்பிறந்தாரைப் போல ஒன்றுக்கொன்று மாறுபடுவன. ஒன்று அள்ளித் தரும். ஒன்று கிள்ளித் தரும். அள்ளித் தரும் அந்த ஒன்றையே ஆயிரமாகப் படியெடுக்க முடிந்தால் என்ன என்னும் ஆசையே செம்பனைத் திசு வளர்ப்பைப் பிறப்பித்தது. தாவரத்தின் ஒவ்வொரு செல்லிலும் முழுத் தாவரமும் ஒடுங்கியிருக்கிறது என்ற கருத்தை ஹேபர்லாண்ட் 1902இலேயே வெளியிட்டிருந்தார். 1970களில் யூனிலீவர் நிறுவனத்தின் இங்கிலாந்து ஆய்வுக்கூடமும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களும் செம்பனையில் அதனைச் செய்து காட்டின. விதை மரங்களைவிட ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடுதலான விளைச்சல் எதிர்பார்க்கப்பட்டது. நிலம் பெருகாத நாட்டில் இது சிறிய ஆசை அன்று. அதே நிலத்தில் மிகுதியாக விளைந்தால் காடு வெட்டுண்ணாமல் நிற்கும் என்ற நல்லெண்ணமும் அதனுள் இருந்தது.

இந்தக் கலைக்குப் புதிதாக வரும் இளைஞர் முதலில் கற்பது அறிவியலை அன்று, தூய்மையை. உணவுக்கூழில் சர்க்கரை லிட்டருக்கு 30 கிராம். அதன் புளிப்பு நிலை 5.8; அழுத்தக் கொதிகலனில் 121 பாகை வெப்பத்தில் பதினைந்து நிமிடம். தூய காற்று வீசும் பேழையின் முன் அமர்ந்து, கைகளைச் சாராயத்தால் துடைத்து, கத்தியையும் இடுக்கியையும் சுடரில் காட்டி, தாய்மரத்தின் விரியாத இளங்குருத்தோலையைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் குடுவைக்குள் வைக்க வேண்டும். அப்போது பேசக் கூடாது, இருமக் கூடாது. மாதக்கணக்கில் குடுவைகள் இருளில் கிடக்கும். சில துண்டுகள் வெறுமனே பழுத்துச் சாகும். சிலவற்றில் வடிவமற்ற திசுத்திரள் புடைக்கும். அத்திரள்களிலும் கருவுருக் கொள்வன நூற்றுக்குச் சிலவே. அவற்றைப் பிரித்து, புதிய கூழுக்கு மாற்றி, மீண்டும் பிரித்து, மீண்டும் மாற்றித் தளிரும் வேரும் வரச் செய்து, தவரணைக்கு அனுப்ப மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கழியும்.

அதன்பின் தோட்டம். நட்டு இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆன பிறகே அது ஒழுங்காகப் பூத்துக் காய்க்கும். ஆகவே கத்தி பட்ட நாளிலிருந்து குலை காணும் நாள் வரை ஏழெட்டு ஆண்டுகள். முதுநிலைப் பட்டத்திற்கு இரண்டு ஆண்டுகள். முனைவர் பட்டத்திற்கு நான்கு ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டாலும், தான் நறுக்கிய திசுவின் பூவைத் தன் படிப்புக் காலத்தில் எந்த மாணவரும் காண முடியாது. பூக்கும் நாளில் அவர் வேறு நிறுவனத்தில் இருப்பார், அல்லது வேறு நாட்டில் இருப்பார். பழமொழி ஆட்சி செய்த வயலின் எல்லை இங்கே முடிந்துவிடுகிறது.

இஃது அச்சத்தினால் புனைந்த கற்பனை அன்று, நடந்த வரலாறு. 1970களின் இறுதியில் மலேசியாவில் நட்ட முதல் குடுவைக் கன்றுகள் பெரும்பாலும் இயல்பாகவே பூத்தன. எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆய்வுக்கூடங்கள் பெருகின, ஒவ்வொரு திசுவழியிலிருந்தும் மேலும் மேலும் கன்றுகள் எடுக்கப்பட்டன. அவ்வாறு பெருக்கி 1980களின் முற்பகுதியில் நட்டவை பூக்கத் தொடங்கியபோது பல மரங்களில் பூ பிறழ்ந்தது. ஆண்பூவின் உறுப்புகள் பெண்ணுறுப்புகள் போலத் திரிந்தன. காயைச் சுற்றி மேலும் சில காய்த்தோல்கள் எழுந்து, போர்வை போர்த்தியது போல மூடிக்கொண்டன. கடுமையாகத் திரிந்த மரங்களில் குலை முற்றாமலே அழுகிற்று. நட்டவர் கண்டது இலை தழைத்த மரம்; எண்ணெயோ இல்லை. தவரணையில் அந்தக் கன்றுகள் மற்றவற்றினின்று எவ்வகையிலும் வேறுபடவில்லை. அவற்றைக் கண்டுபிடிக்கும் ஒரே வழி, அவற்றை வளர்த்துப் பூக்கும்வரை காத்திருப்பதாகவே இருந்தது.

இவ்விடத்தில் நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. 1986இல் கோர்லியும் அவருடன் பணியாற்றிய மூவரும் இப்பிறழ்வை விளக்கிக் கோலாலம்பூரில் வெளிவரும் தோட்டத்துறை இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் வெளியார் அல்லர். குடுவைக் கன்றுகளை உருவாக்கிய துறையின் உள்ளிருந்தவர்கள். பெரும் பொருள் முடங்கியிருந்த காலம். ஒரு சொல்லைத் தாழ்த்திச் சொல்லியிருந்தாலும், ஈராண்டு தள்ளிச் சொல்லியிருந்தாலும் குற்றம் சாட்டுவார் இருந்திரார். அச்சிட்ட அந்தச் சில பக்கங்களின் பயனாகப் பெருநடவு தளர்ந்தது. ஒரு திசுவழியை எத்தனை முறை மறுவளர்ப்புச் செய்யலாம், அதிலிருந்து எத்தனை கன்று எடுக்கலாம் என்பவற்றிற்கு ஆய்வுக்கூடங்கள் எல்லை வகுத்துக்கொண்டன. ஒரே வகையால் ஒரு வயலை நிரப்பாமல் பல வகைகளைக் கலந்து நடும் வழக்கமும் வந்தது. பயிற்சிக்கு வரும் இளைஞர்க்குச் செம்பனைத் திசு வளர்ப்பின் வெற்றிக் கதைகளைச் சொல்வதைவிட இந்த ஒரு கட்டுரையை முழுமையாகப் படிக்கச் செய்வது மேல்.

பிறழ்வின் காரணம் விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின. 2015இல் நேச்சர் இதழில், மெய்லினா ஓங் அப்துல்லாவை முதலாசிரியராகக் கொண்டு, மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தாரும் நியூயார்க்கின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தாரும் பிறரும் சேர்ந்து அதனை வெளியிட்டார்கள். பூவின் உறுப்புகளை வகுக்கும் மரபணு ஒன்றின் நடுவே, இடம்பெயரும் இயல்புடைய மரபுக்கூறு ஒன்று உறங்கிக் கிடக்கிறது. அதன் மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக்குறிகள் அடர்ந்து படிந்திருக்கும்வரை அது உறங்கும். பூ இயல்பாக இருக்கும். குடுவை வாழ்வில் அக்குறிகள் கலைந்துவிட்டால் அது மரபணுவின் செய்தியைப் பாதியில் முறித்துவிடுகிறது, பூ பிறழ்கிறது. அந்த மரபுக்கூற்றின் பெயர் கர்மா. ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லில் அதன் இனத்தைக் கண்டு அப்பெயரிட்டிருந்தார்கள். குறி படிந்த நிலையை நல்ல கர்மா என்றும், குறி கலைந்த நிலையைக் கெட்ட கர்மா என்றும் 2015ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அழைத்தார்கள்.

பெயரை வைத்துக்கொண்டு மெய்யியல் மாளிகை கட்டுவது ஆபத்தானது. மூலக்கூறுக்கு அறம் தெரியாது. ஆயினும் அப்பெயர் தூண்டும் ஓர் எண்ணத்தைத் தமிழாசிரியர் ஒதுக்கிவிட இயலாது. பிறழ்ந்த மரத்திலும் பிறழாத மரத்திலும் மரபணுவின் எழுத்துகள் ஒன்றே. தாய்மரம் கொடுத்ததில் குறையில்லை, பிறப்பில் குறையில்லை. குறிகள் கலைந்தது இடையில், குடுவைக்குள், வளர்ப்பின் போது. விதி என்று சொல்லிக் கைகழுவ இதில் இடமே இல்லை. வள்ளுவர் ஊழ் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலின் இறுதியில் வைத்தார். வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தையோ பொருட்பாலில், அமைச்சர்க்கு உரியவற்றோடு வைத்தார். பிறருடைய நன்மை தீமைகள் தம் கையில் தங்கியிருப்பவர்க்கே செயலின் தூய்மை தனிப்பாடமாக வேண்டும் என்று அவ்வைப்பு முறைக்குப் பொருள் கொள்ளலாம். குடுவைக்கு முன் அமர்ந்திருக்கும் இருபத்துநான்கு வயது இளைஞர் தம்மை அமைச்சராக எண்ணுவதில்லை. ஓர் ஏக்கரில் ஏறத்தாழ அறுபது மரம். ஒரு மரத்தின் பயன்காலம் இருபத்தைந்து ஆண்டு. அவர் ஒருநாள் மாற்றிவைத்த குடுவைகளின் மேல் எத்தனை குடும்பங்களின் கால் நூற்றாண்டு ஏறி நிற்கும் என்பதைக் கணக்கிட்டால், அமைச்சர் பலருக்கும் அத்தனை நீண்ட ஆட்சி வாய்ப்பதில்லை என்பது தெரியும்.

எனில் அவருக்கு எதைக் கற்பிப்பது? அச்சத்தையா? அச்சம் பதிவேட்டைப் பொய்யாக்கும். பூஞ்சை பிடித்த குடுவைகளின் எண்ணிக்கையைக் குறைத்து எழுதும் மாணவர் பெரும்பாலும் தீயவர் அல்லர். மேற்பார்வையாளரின் முகத்திற்கு அஞ்சியவர். ஆகவே முதற்பாடம் தோல்வியை எழுதும் துணிவாகவே இருக்க வேண்டும். அதற்குச் சான்று ஒவ்வொரு மாணவரின் கையிலும் இருக்கிறது, அவர் அறியாவிட்டாலும். உலகின் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் முதல் நாளில் கலக்கக் கற்பிக்கும் உணவுக்கூழ் முரஷிகே, ஸ்கூக் இருவரின் பெயரால் வழங்குவது, 1962இல் வெளிவந்தது. முரஷிகே அப்போது ஸ்கூக்கின் மாணவர். புகையிலைச் சாற்றில் வளர்ச்சியைத் தூண்டும் புதிய ஊக்கப்பொருள் ஒன்று இருக்கும் என்று தேடினார். சாற்றைச் சுட்டுச் சாம்பலாக்கினாலும் வளர்ச்சி வந்தது. காரணம் அதிலிருந்த உப்புகளே. தேடிய பொருள் கிடைக்கவில்லை. கிடைக்காததை மறைக்காமல், உப்புகளின் அளவுகளைத் திருத்தமாக எழுதினார். அந்த அட்டவணையின் மேல்தான் இன்றைய திசு வளர்ப்பின் பெரும்பகுதி நிற்கிறது. தில்லியில் சிப்ரா குஹா 1964இல், எஸ்.சி. மகேஸ்வரியுடன், ஊமத்தையின் மகரந்தப்பையில் கருவுருக்கள் தோன்றுவதைக் கண்டதும் இவ்வகையானதே. அவர் நாடியது செல் பிரிவின் நுட்பத்தை. கண்டதோ எதிர்பாராத ஒன்றை. எதிர்பாராததைக் குப்பைக்கூடையில் எறியாதிருந்ததே அவருடைய ஆய்வொழுக்கம்.

ஆனால் உண்மையை எழுதினால் மட்டும் போதுமா என்ற வினா எஞ்சுகிறது. இங்கே தமிழ் இலக்கணம் எதிர்பாராத ஒரு துணையைத் தருகிறது. ஒரு வினைச்சொல் காட்டுவன செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறு என்று நன்னூல் வகுத்ததை மாணவர் மனப்பாடமாக அறிவர். ஆய்வுக்கூடப் பதிவேட்டைத் திறந்தால் இந்த ஆறும் அங்கே இருக்கும்: செய்தவர் பெயர், கத்தியும் கூழும், அறை எண், மறுவளர்ப்பு, நாள், திசுவழியின் எண். பவணந்தியார் பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார். தொல்காப்பியரோ தொழிலுக்கு முதனிலை எட்டு என்றார். ஆறோடு அவர் மேலும் இரண்டைச் சேர்த்திருந்தார்: இது யாருக்காக, இதனால் என்ன பயன். வழக்கில் சில குறைந்து வருதலும் உண்டு என்று அவரே இடம் கொடுத்தார். பின்வந்த இலக்கணம் விட்டுவிட்ட அந்த இரண்டே பதிவேட்டிலும் விடுபட்டுள்ளன. இலக்கணத்தில் அவை விடுபட்டதால் யாருக்கும் இழப்பில்லை. பதிவேட்டில் விடுபட்டதால், செயல் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதைச் செய்பவர் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமற் போயிற்று.

போய்ச் சேருமிடம் எது? நீண்ட கழியில் பூட்டிய அரிவாளோடு நிற்கும் குலை வெட்டுபவரின் கூலி பெரும்பாலும் குலையின் எண்ணிக்கையையும் எடையையும் ஒட்டியது. பிறழ்ந்த மரத்தடியில் அவர் செலவிடும் நேரத்திற்கு ஈடு இல்லை. ஒரு காலத்தில் அவர் தமிழராக இருந்தார். இன்று பல தோட்டங்களில் அவர் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ வந்தவர். கடன்பட்டு மறுநடவு செய்த சிறுதோட்டக்காரர் மூன்றாண்டு காத்திருந்து பூவைக் கண்டபின் மரத்தை வெட்டவும் இயலாது, வைத்திருக்கவும் இயலாது. ஆய்வுக்கூடத்தில் எந்தக் கூட்டத்திலும் இவ்விருவர்க்கும் இருக்கை இல்லை. 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து மகரந்தம் சுமக்கும் கூன்வண்டை மலேசியச் செம்பனைக்குக் கொணர்ந்த ரஹ்மான் சையது, அது வேறு பயிரைத் தின்னுமா, நோய் கொண்டுவருமா என்பவற்றைப் பன்முறை சோதித்த பிறகே விடுவித்தார். அந்த எச்சரிக்கை போற்றத்தக்கது; விளைச்சலும் உயர்ந்தது. ஆயினும் அதுவரை மகரந்தத் தூள் தெளித்துக் கூலி பெற்ற தொழிலாளரின் வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. அறிவியல் பிழை செய்யாதபோதும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார். அவர் யார் என்பதை அறிந்திருப்பதும் ஆய்வின் ஒரு பகுதியே ஆகும்.

மரபணுப் பொறியியலில் இந்த இடைவெளி இன்னும் அகலுகிறது. திசு வளர்ப்பு இருந்ததைப் படியெடுக்கும் முயற்சி. மரபணுப் பொறியியலோ இல்லாததைச் சேர்க்கும் முயற்சி. சேர்த்த பின்னும் அந்தச் செல்லை மரமாக்கக் குடுவை வழியைத்தான் நாட வேண்டும். ஆகவே முன்னதன் ஐயம் முழுவதும் பின்னதற்கும் உண்டு. மலேசியாவில் 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மரபணு மாற்றிய செம்பனை பல ஆண்டு ஆய்வுக்குப் பின்னும் வணிக நடவுக்கு வரவில்லை. இந்தியாவில் பி.டி. கத்தரிக்காய் 2010இல் நிறுத்திவைக்கப்பட்டது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தமிழகத்துக் கத்தரி வகைகளில் அதனை உருவாக்குவதில் பங்கு கொண்டிருந்தது. நிறுத்துமுன் அமைச்சர் ஏழு நகரங்களில் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார். உண்பவரையும் விதைப்பவரையும் முன்கூட்டியே கேட்ட அரிய நிகழ்ச்சி அது; கூச்சலும் குழப்பமும் அதில் நிறைய இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே கத்தரிக்காயை வங்காள தேசம் 2013இல் ஏற்றுக்கொண்டது. ஏற்றவர் துணிந்தார், நிறுத்தியவர் தயங்கினார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தயக்கமும் ஒரு வினைதான். புழு அரித்த கத்தரிக்கு வாரம் இருமுறை நஞ்சு தெளிக்கும் உழவரின் நுரையீரல் அத்தயக்கத்தின் கணக்கில் வரும். விதைக்காமல் விட்டவனும் ஏதோ ஒன்றை அறுக்கத்தான் செய்கிறான். ஆகவே இளம் ஆய்வாளர்க்கு எச்சரிக்கையை மட்டும் கற்பித்து அனுப்புவது எளிய வழி. நேர்மையான வழி என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கத்திலும் பெயர் தெரியாத மனிதர் நிற்கிறார்கள் என்பதை அவர் சுமந்தே ஆக வேண்டும்.

2015ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பின் பயனாக இலையிலிருந்தே கர்மாவின் நிலையைச் சோதித்து, பிறழப்போகும் கன்றைத் தவரணையிலேயே கழித்துவிடும் வழி திறந்தது. ஏழாண்டு இடைவெளி அந்த ஒரு பிழையைப் பொறுத்தவரை சுருங்கிவிட்டது. இனிக் காணவில்லை என்று சொல்ல இயலாது. சோதிக்கவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கும். எனினும் சோதனைக்குச் செலவு உண்டு. எத்தனை கன்றில் ஒன்றைச் சோதிப்பது என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டும். இன்னும் பெயரிடப்படாத பிறழ்வுகளுக்கோ சோதனையே இல்லை.

ஆகவே பயிற்சியில் செய்யத்தக்கது ஒன்று உண்டு; அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. புதிதாக வரும் மாணவர் முதற்குடுவையைத் தொடுமுன், பத்தாண்டுக்கு முன் வேறொரு மாணவர் கைப்பட்ட குடுவையிலிருந்து எழுந்த வயலுக்குள் ஒருநாள் நடக்கட்டும். கையில் அந்தப் பழைய பதிவேடு இருக்கட்டும். உடன் குலை வெட்டுபவர் வரட்டும். எந்த மரம் வெறுங்கையாய் நிற்கிறது என்பதை ஏட்டைப் பார்க்காமலே அவர் காட்டிவிடுவார். அந்த மரத்தின் எண்ணைப் பின்னோக்கித் தேடினால் தவரணை, பின் அறை, பின் திசுவழி, பின் எத்தனையாவது மறுவளர்ப்பு என்று ஒரு நாளில், ஒரு கையொப்பத்தில் போய் முடியும். தொல்காப்பியரின் அந்த இரண்டு பத்திகளையும் புதிய பதிவேட்டில் சேர்த்துவிடலாம். ஆய்வுக்கூடத் தலைவர்கள் இது நேரத்தை வீணாக்கும் என்பார்கள். சில மாணவர்கள் அப்பத்திகளில் ஒரே தொடரை நாள்தோறும் படியெடுத்து எழுதுவார்கள். அதுவும் நடக்கும். மூன்றாவதாக ஒரு பத்தியும் வேண்டும்: பூத்த நாளும் பூவின் நிலையும். அதை எழுதியவரே நிரப்ப இயலாது. ஏழெட்டு ஆண்டு கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து நிரப்பப்போகிறவர், இன்று மந்தினிலோ லாபுவிலோ இடைநிலைப்பள்ளி வகுப்பொன்றில் அமர்ந்து, செல் பிரிவின் படத்தை வரைந்துகொண்டிருக்கக்கூடும்.